மூத்திரம் பெய்யும்வரை காத்திருந்தோம்: ஒரு மலையாட்டு வேட்டையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வடமேற்கே ஸ்கீனா ஆற்றுப் பக்கத்து மலைகளில், ஓர் அக்டோபர் மாதம் ஐந்து நாட்களில் நடந்தது. மூன்று பேர் போனோம். பர்மிட் வைத்திருந்தவர் என்னோடு வேலை பார்ப்பவர், நாற்பதைத் தாண்டியவர், மானும் மூஸும் (அதுவும் ஒரு பெரிய மான் வகை) பல வருடமாகச் சுட்டுப் பழகியவர், ஆனால் மலையாடு அவருக்கு முதல் தடவை. இரண்டாமவர் அவருடைய மாமனார், எழுபதை நெருங்குகிறவர், அந்த மலைகளிலேயே காலம் கழித்த மனிதர். மூன்றாவது ஆள் நான். துப்பாக்கி எடுக்கவில்லை; மூட்டை தூக்கவும், ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக்குழல் தொலைநோக்கியில் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளவும் போனவன். அந்த நோட்டு இருப்பதால்தான் இதை நேரத்தோடும் தூரத்தோடும் எழுத முடிகிறது. பெயர்கள் வேண்டாம், ஒருவரை வேட்டைக்காரர் என்றும் மற்றவரைப் பெரியவர் என்றும் சொல்லிவிடுகிறேன்.

மலையாடு என்றால் நம் ஆட்களுக்கு வரையாடு ஞாபகம் வரும். அது வேறு, இது வேறு. வரையாட்டில் வயது முற்றிய கிடாவுக்கு முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறிய பட்டை விழும், எதிர்மலையில் இருந்து பார்த்தாலும் தெரியும். (அதை யாரும் வேட்டையாட முடியாது, சட்டம் விடாது.) இந்த வட அமெரிக்க மலையாட்டில் அப்படி ஒரு சலுகையும் கிடையாது. கிடாவும் வெள்ளை, பெட்டையும் வெள்ளை. ரெண்டுக்கும் கறுப்புக் கொம்பு, ரெண்டுக்கும் தாடி. ஆடு என்று பெயரே தவிர இது நம் வெள்ளாட்டு இனமும் இல்லை, வெள்ளாட்டில் பழகிய கண்ணை இங்கே கொண்டுவந்தால் அது உதவுவதைவிடக் கெடுப்பதுதான் அதிகம்.

கிடா எது, பெட்டை எது என்று பிரிப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். பெட்டை சராசரியாக நாலு அல்லது ஐந்து வயதில்தான் முதல் குட்டி போடுகிறது. பெரும்பாலும் ஒரு குட்டிதான், அதுவும் வருடாவருடம் இல்லை. பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் கா ரிட்ஜ் என்ற மலையில் 1989 முதல் பல வருடம் ஆடுகளை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துக் கவனித்த ஆய்வில் இதெல்லாம் தெளிவாகத் தெரியவந்தது. சின்னக் கூட்டத்தில் வருடத்துக்கு ரெண்டு மூன்று பெட்டை கூடுதலாகப் போனாலே கூட்டம் தேய ஆரம்பித்துவிடும். ஆல்பர்ட்டாவில் எண்ணிக்கை சரிந்ததால் 1987-ல் மலையாட்டு வேட்டையையே மூடினார்கள், பிறகு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் மறுபடி திறந்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் குட்டியோடு இருக்கும் பெட்டையையும், குட்டி உள்ள கூட்டத்தில் நிற்கும் பெட்டையையும் சுடக்கூடாது. தனியாக நிற்கும் பெட்டையைச் சுட்டால் குற்றமில்லை, ஆனாலும் கிடாவையே எடுங்கள் என்று அரசு கேட்டுக்கொள்கிறது. தனியாக நிற்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் எங்கள் இரண்டாம் நாள்.

கிளம்புமுன் பேசிவைத்தது

பெரியவர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து மூன்று விஷயம் முடிவு செய்தோம். ஒன்று, கிடா என்று சொல்ல ஒரு அடையாளம் போதாது, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ரெண்டு வேண்டும். அடுத்து, குண்டு பட்ட ஆடு விழுந்தால் நாம் போய் எடுக்கக்கூடிய இடத்தில் நின்றால்தான் சுடுவது. அடிபட்ட மலையாடு கடைசித் தெம்பில் பாறை விளிம்பை நோக்கித்தான் நடக்கும், இருநூறு அடி உருண்டால் கொம்பும் மிஞ்சாது கறியும் மிஞ்சாது. மூன்றாவது பெரியவருடைய பிடிவாதம்: குறைந்தது ஒரு மணி நேரம் பார்க்காமல் ரைஃபிளை உறையிலிருந்து எடுக்கக்கூடாது.

அடையாளம் என்று பெரியவர் சொன்னவை இவை. கிடாவின் கொம்பு அடியில் தடிமன், ரெண்டு கொம்பும் நெற்றியில் கிட்டத்தட்ட ஒட்டி நிற்கும், அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக வளையும். பெட்டையின் கொம்பு மெலிசு, நடுவில் இடைவெளி அகலம், பாதிக்குமேல் நேராகப் போய் நுனியில் கொக்கிபோல மடங்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது கொம்பின் அடி கண்ணைவிட அகலமாகத் தெரிந்தால் கிடா. நீளத்தை மட்டும் நம்பாதே, பெட்டைக்கும் கிடாவுக்குச் சமமாக நீளும். எல்லாவற்றையும்விட உறுதியானது மூத்திரம்: கிடா நின்றபடி உடம்பை முன்னால் நீட்டிப் பெய்யும், பெட்டை பின்னங்காலை மடக்கிக் குந்தும். இதில் தப்பு வர வழியில்லை.

அளவு பற்றிக் கேட்டபோது, காதை அளவுகோலாக வைத்துக்கொள் என்றார். காது நாலு இன்ச் சொச்சம், கொம்பு அதைப்போல ரெண்டு மடங்கு இருந்தால் நல்ல ஆடு. வயது பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. இதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் இடித்தது இந்த இடம்தான்.

முதல் நாள் மலை ஏறியதிலேயே போய்விட்டது. மரம் நிற்கும் எல்லைக்குமேல் கூடாரம் போட்டோம். ராத்திரி நாலு விரல்கடை பனி விழுந்தது.

இரண்டாம் நாள்: தனி ஆடு

காலை 8.20-க்கு எதிர்ச்சரிவில் ஒரு பாறைத் திட்டில் படுத்திருந்த ஆட்டை வேட்டைக்காரர் பைனாகுலரில் கண்டுபிடித்தார். ரேஞ்ச்ஃபைண்டர் 640 மீட்டர் காட்டியது. ஒண்டி ஆடு. உடம்பு பெரிசு, கொம்பு பக்கவாட்டில் பார்த்தால் காதைவிட ரெண்டு மடங்குக்கு மேல். பனியின் மேல் அதன் ரோமம் பழுப்பேறிய வேட்டி மாதிரி மஞ்சளாகத் தெரிந்தது. கிடாக்கள்தான் அக்டோபரில் மண்ணைக் கிளறி உட்கார்ந்து உடம்பை அழுக்காக்கிக்கொள்ளும் என்று அவர் படித்திருந்தார். தனியாக இருக்கிறது, பெரிசாக இருக்கிறது, அழுக்காக இருக்கிறது, கொம்பு நீளம். நாலு காரணம். அவர் மனதில் அது அப்போதே கிடா ஆகிவிட்டது.

நானும் அப்படித்தான் நினைத்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நோட்டில் "பெரிய கிடா, 8.20" என்றே எழுதியிருக்கிறேன். அந்தக் 'கிடா' என்ற வார்த்தையைப் பிறகு கோடு போட்டு அடித்திருக்கிறேன்.

பெரியவர் ஸ்கோப்பில் பத்து நிமிடம் பார்த்தார். பனியில் எந்த வெள்ளை ஆடும் மஞ்சளாகத்தான் தெரியும், அழுக்கு என்றால் தொடையிலும் பின்புறத்திலும் வயிற்றிலும் திட்டுத்திட்டாக இருக்கும், இது உடம்பு முழுக்க ஒரே நிறம் என்றார். அப்புறம் ஸ்கோப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, "மூத்திரம் பெய்யட்டும், பிறகு பேசுவோம்" என்று சொல்லி ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கிற ஆட்டுக்கு அவசரமே கிடையாது. குளிரில் மூச்சு பட்டு ஸ்கோப் கண்ணாடி மங்கும், துடைப்பேன், மறுபடி மங்கும். 60 மடங்கில் வைத்தால் காற்றில் படமே நடுங்கியது, 40-க்கு இறக்கினால்தான் கொம்பு கொம்பாகத் தெரிந்தது. வேட்டைக்காரர் ரெண்டு தடவை, கீழே ஓடை வழியாக இறங்கி 300 மீட்டருக்குப் போய்விடலாமே, போன பிறகு அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாமே என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்ன காரணம் எனக்கு அப்போது புரியவில்லை, பிறகு புரிந்தது: அவ்வளவு தூரம் தவழ்ந்து போனவன் அங்கே போய்ப் பார்க்கமாட்டான், சுடத்தான் பார்ப்பான்.

9.50-க்கு ஆடு தலையைத் திருப்பி நேராக எங்களைப் பார்த்தது. அதுவரை பக்கவாட்டுக் கொம்பு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போதுதான் நெற்றி தெரிந்தது. ரெண்டு கொம்புக்கும் நடுவில் இன்னொரு கொம்பை நட்டுவைக்கலாம் போல இடம். நுனி ரெண்டும் மடங்கி இருந்தது. வேட்டைக்காரர் ஸ்கோப்பில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

11.04-க்கு எழுந்து, உடம்பை உதறி, நாலு எட்டு நடந்து, பின்னங்காலை மடக்கிக் குந்தியது. சரி, பெட்டை.

இதோடு முடிந்திருந்தால் சின்ன விஷயம். அது எழுந்து நகர்ந்த ஐந்தாவது நிமிடம், அது படுத்திருந்த அதே பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டி எழுந்து வந்தது, நாலைந்து மாதக் குட்டி. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அது அங்கேயே, எங்களுக்கு மறைவில், படுத்திருந்திருக்கிறது. 8.20-க்கு ஒண்டி ஆடு என்று எழுதியவன் நான்தான். காலையில் சுட்டிருந்தால் சட்டப்படி குற்றம், அதைவிட அந்தக் குட்டிக்கு முதல் குளிர்காலம் தாயில்லாமல் போயிருக்கும்.

மூன்றாம் நாள் முழுக்க மேகமூட்டம். கூடாரத்துக்குள் சீட்டு ஆடினோம்.

நாலாம் நாள்: ரெண்டு கிடா

மதியம் 12.40. கணவாய்க்கு மேலே சரளைச் சரிவின் தலைமாட்டில் ரெண்டு ஆடு, 410 மீட்டரில். இந்தத் தடவை யாரும் வாயைத் திறக்கவில்லை. பெரிய ஆட்டுக்குத் தோள் திமில் போல எழும்பியிருந்தது, முன்னங்கால் ரோமம் முழங்கால் வரை தொளதொளவென்று கால்சராய் போட்டதுபோல் தொங்கியது, பின்தொடையில் அழுக்கு திட்டாக இருந்தது. நேர்முகமாகத் திரும்பியபோது கொம்புக்கு நடுவில் இடைவெளி ஒரு கோடுபோலத்தான் தெரிந்தது. 1.15-க்குச் சின்னது நின்றபடி நீட்டிப் பெய்தது, 1.50-க்குப் பெரியது. ரெண்டும் கிடா. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, பின்னாலும் தவறாகவில்லை.

அடுத்த கேள்வி எவ்வளவு பெரிசு, எத்தனை வயது. எங்கள் ஊர்ப்பக்கம் எட்டயபுரம் ஆட்டுச்சந்தையில் இதற்கு அரை நிமிடம் ஆகாது, வாயைத் திறந்து பார்த்து ரெண்டு பல், நாலு பல் என்று சொல்லிவிடுவார்கள். இங்கே நானூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆட்டின் வாயை யார் திறப்பது. பக்கத்தில் நிற்கும் சின்னக் கிடாவோடு ஒப்பிட்டுப் பெரியது ஒன்றரை மடங்கு இருக்கும் என்றோம். கொம்பு காதைப்போல ரெண்டே கால் மடங்கு, ஆக ஒன்பதரை இன்ச். வயது ஏழு அல்லது எட்டு. இது வேட்டைக்காரர் சொன்ன கணக்கு, பெரியவர் "இருக்கலாம்" என்றார், நான் எழுதிக்கொண்டேன். மூன்று பேரில் ஒருவர்கூட, ஏழு என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்று கேட்கவில்லை.

260 மீட்டருக்கு நெருங்கிய பிறகு பெரிய கிடா விளிம்பில் போய் நின்றுகொண்டது. ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். உள்பக்கம் நகர்ந்து புல்திட்டில் மேய ஆரம்பித்த பிறகுதான் வேட்டைக்காரர் சுட்டார். ஒரே குண்டு, மூன்று நாலு மீட்டர் சறுக்கி அங்கேயே நின்றுவிட்டது.

கையில் எடுத்துப் பார்த்தபோது

சுட்ட ஆடு கிட்டப் போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வரும் என்று வேட்டைக்காரர்கள் சொல்வதுண்டு. அது கண்முன்னால் நடந்தது. டேப் வைத்தோம்: வலது கொம்பு 8 3/8 இன்ச், இடது அதைவிடக் கொஞ்சம் குறைச்சல், அடிச்சுற்று 5 1/4. ஒன்பதரை என்ற எங்கள் கணக்கில் ஒரு இன்ச்சுக்கு மேல் காற்று. அடிச்சுற்று நல்ல தடிமன்தான், அதில் குறையில்லை. கொம்புக்குப் பின்னால் பிறைபோலக் கறுத்த சுரப்பி ரெண்டும் வீங்கியிருந்தது. விரல் வைத்தால் பிசுபிசுத்தது, அந்த வாடை கையுறையில் ஊர் திரும்பும் வரை போகவில்லை.

பெரியவர் கொம்படியின் ரோமத்தை ஒதுக்கி, நகத்தால் கீழிருந்து மேலாக வருடிக்கொண்டே வந்தார். நகம் மூன்று இடத்தில் தட்டியது. மலையாட்டுக் கொம்பில் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு வளையம் விழும், ஆனால் முதல் வளையம் இரண்டாவது குளிர்காலத்தில்தான், அதனால் வளையத்தோடு ஒன்று கூட்ட வேண்டும். மூன்றும் ஒன்றும் நாலு. எட்டு வயதுக் கிழக்கிடா என்று சுட்டது நாலு வயது இளங்கிடா.

கறி முழுவதையும் எடுத்து ரெண்டு நடையில் இறக்கினோம். இந்த மாகாணத்தில் மலையாட்டைக் கட்டாயப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கேயும் அளந்து, எண்ணி, ஆண், நாலு வயது என்றே பதிந்தார்கள். சட்டப்படி எந்தச் சிக்கலும் இல்லை, பெட்டை போகவில்லை, வேட்டைக்காரருக்கும் திருப்திதான். என்றாலும் அவர் தேடிப் போனது வயது முற்றிய கிடாவை.

எங்கே பிசகியது

கிடாவா பெட்டையா என்பதற்கு எங்களிடம் முறை இருந்தது, ஒருவர் அவசரப்பட்டாலும் அந்த முறை பிடித்து நிறுத்தியது. வயதுக்கு முறையே இல்லை. கொம்பு நீளம், ஆகவே வயது அதிகம் என்று மூன்று பேரும் சத்தமில்லாமல் கணக்குப் போட்டிருக்கிறோம். மலையாட்டில் அந்தக் கணக்கு செல்லாது. கொம்பின் வளர்ச்சி பெரும்பாலும் முதல் மூன்று வருடத்திலேயே முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். நாலு வயதுக் கிடாவுக்கும் ஒன்பது வயதுக் கிடாவுக்கும் கொம்பு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிவதில் ஆச்சரியமே இல்லை. உடம்பு அப்படியில்லை, கிடாவின் உடல் ஆறு வயது வாக்கில்கூட ஏறிக்கொண்டிருக்கும். ஆக வயதைக் கொம்பில் தேடாமல் உடம்பில் தேடியிருக்க வேண்டும்.

அதிலும் ஒப்பிட்டது தப்பு ஆளோடு. பக்கத்தில் நின்ற சின்னக் கிடா, இப்போது யோசித்தால், ரெண்டு வயது இருக்கும். பத்தாவது படிக்கிற பையனை ஐந்தாவது படிக்கிற பையனுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பெரிய ஆள்தான்.

நீளத்தில் ஏமாந்ததற்கு என் கணிப்பு ஒன்று உண்டு. அக்டோபரில் குளிர்காலத்து ரோமம் வந்துவிடுகிறது, காதின் அடிப்பகுதி அந்த அடர்த்தியில் புதைந்துபோகிறது. நாங்கள் நாலு இன்ச் என்று வைத்துக்கொண்ட காது வெளியே தெரிந்தது மூன்றே முக்கால் இருக்குமோ என்னவோ. அளவுகோலே குட்டையானால் அளக்கிறது எல்லாம் நீளமாகத்தான் வரும். இரண்டாம் நாள் பெட்டையின் கொம்பு "ரெண்டு மடங்குக்கு மேல்" தெரிந்ததற்கும் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம், மீதிப் பாதி அதன் மெலிவு. ஒல்லியான ஆள் உயரமாகத் தெரிவதுபோலத்தான், மெலிசான கொம்பும் நீளமாகத் தெரிகிறது.

அடுத்த தடவை மாற்றுவது

தனி ஆடு என்ற வார்த்தையை முதல் ஒரு மணி நேரம் நோட்டில் எழுதுவதில்லை. 'ஒரு ஆடு தெரிகிறது' என்றுதான் எழுதுவது. ஆட்டைப் பார்க்கிற நேரத்தில் பாதியை அதைச் சுற்றியுள்ள பாறைகளைப் பார்க்கச் செலவிடுவது, இதை என் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நெருங்கிப் போவதற்கு முன்பே முடிவு எடுத்துவிடுவது என்ற பெரியவரின் வழக்கம் அப்படியே இருக்கும். ஒரே ஒரு சேர்க்கை: வேட்டைக்காரர் வயது சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தோள், வயிற்றுத் தொங்கல், முகத்தின் நீளம் என்று உடம்பிலிருந்து ரெண்டு காரணம் வராவிட்டால் வயது 'தெரியவில்லை' என்றே எழுதப்படும். வெளிச்சம் நன்றாக இருந்து, தூரம் 250-க்குள் இருந்து, காற்று அசையாமல் இருந்தால் ஸ்கோப்பில் வளையத்தை எண்ணிப் பார்க்கலாம் என்றும் பேசினோம். வேட்டைக்காரருக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. அக்டோபர் ரோமம் கொம்படியை மூடியிருக்கும்போது எப்படி எண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை, செப்டம்பரில் போனால் ஒருவேளை முடியும். ஆனால் செப்டம்பரில் தோல் இவ்வளவு அடர்த்தியாக இருக்காது, அவருக்கு அந்தத் தோலும் வேண்டும். இந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

பெரியவர் தன் பங்குக்கு, நாலாம் நாள் "இருக்கலாம்" என்று தான் சொன்னதுதான் தப்பு என்கிறார். அப்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். ஐந்து வயதுக்குமேல் இருக்காது என்றுதான் தோன்றியதாம். பிறகு ஏன் சொல்லவில்லை என்றதற்கு, இரண்டாம் நாள் ஏற்கெனவே ஒரு தடவை மருமகனைத் தடுத்தாகிவிட்டதே என்றார்.